பாய்ச்சூடு

அருண்பாண்டியும் நானும் ஒரே அறையில் ஒன்றரை வருஷம் இருந்தோம். ஒன்றாக இருந்தோம் என்று சொல்ல முடியாது. அவனுக்குப் பனியன் கம்பெனியில் பகல் வேலை. எனக்கு நிட்டிங் மில்லில் நைட் ஷிப்டு. ராத்திரி முழுக்க நூல் அறுகிறதா என்று வட்ட மெஷினைச் சுற்றி நடந்துவிட்டு நான் காலையில் வந்து கதவைத் தட்டினால்தான் அவன் எழுந்திருப்பான். அவசரமாகக் குளித்துவிட்டு ஓடுவான். அவன் எழுந்த பாயிலேயே நான் விழுவேன். சாயந்திரம் அவன் வருவதற்கு முன்னால் நான் கிளம்பிவிடுவேன். திருப்பூரில், பெருமாநல்லூர் ரோட்டில் பாதி லைன் வீடுகளில் இப்படித்தான். இரண்டாவது பாய் விரிக்க இடம் இருந்தது. வாங்கத் தோன்றவில்லை.

அவன் சங்கரன்கோவில் பக்கம். நான் ஊத்துக்குளிதான். காலேஜை இரண்டாம் வருஷத்தில் விட்ட பிறகு அப்பா என்னோடு பேசுவதில்லை, அதனால் ரயிலில் கால் மணி நேரத்தில் வீடு இருந்தும் ரூம் எடுத்தேன். காலேஜில் இருந்தபோது கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். என் கவிதைகளில் அடிக்கடி கடல் வரும். நான் கடலைப் பார்த்ததில்லை. மில்லுக்கு வந்த பிறகும் எழுதினேன். யாரும் படிக்கவில்லை, அதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை. ஆனால் அந்த அறையில் எழுதுகிறவன் யார் என்று கேட்டால் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அருண்பாண்டி எழுதமாட்டான். பாடுவான். நான் துணி போட்டு வைக்க மில்லிலிருந்து ஒரு நூல் பெட்டி கொண்டுவந்திருந்தேன், தடித்த அட்டைப்பெட்டி. அதை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே பாட்டுக் கட்டுவான். நொய்யலில் ஓடும் சாயத் தண்ணீரைப் பற்றி ஒன்று. ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்து சோற்றுத் தட்டிலேயே தூங்கிப்போன அவன் அக்காவைப் பற்றி ஒன்று என்று லைனில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு கலைக்குழு அவனைக் கண்டுபிடித்து, கம்பெனி வாசல்களில் நடக்கும் கேட் மீட்டிங்குகளில் பாட வைத்தது. எல்லாக் கூட்டமும் சாயந்திரம் நடக்கும். நான் எதற்கும் போனதில்லை.

அவன் பாட்டை நான் முதலில் கேட்டது மெஸ்ஸில், அனிதாவின் வாயில்.

அனிதா மெஸ் நடத்தும் மயிலாக்காவின் மகள். அருண்பாண்டி வேலை பார்த்த கம்பெனியில்தான் அவளுக்கும் செக்கிங் வேலை. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அம்மாவுக்காக இட்லி பரிமாறிவிட்டுப் போவாள். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் நான் மில்லிலிருந்து நேராக மெஸ்ஸுக்குப் போவேன். அன்றைக்கு என் தட்டில் சட்னி ஊற்றிக்கொண்டே முணுமுணுத்தாள்.

*நீ எழுந்த பாயில நான் விழுந்தேன்
உன் சூடு இன்னும் ஆறல.
உம் மொகம் பாத்து நாளாச்சு,
ஊரு இன்னும் மாறல.*

கையில் எடுத்த இட்லியைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

"இது யாரு பாட்டு?"

"உங்க ரூம்காரர் பாட்டுங்ண்ணா. உங்களுக்குத் தெரியாதுங்களா? எங்க செக்சன்ல எல்லாரும் இதத்தான் பாடுறோம். அடுத்தது கேளுங்க."

*பகல ஒருத்தன் வித்தான், ராவ ஒருத்தன் வித்தான்,
வாங்குனவன் ஒருத்தந்தான்.*

"நாங்க ரெண்டு பேரும் வேற வேற கம்பெனி" என்றேன்.

அவள் சிரித்தாள். "பாட்டுல போய் இன்சார்ஜ் மாதிரி செக்கிங் பண்றீங்களே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பாய்ச்சூடு என்னுடையது. போன சித்திரையில் ஒரு காலை, கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை. உடம்பெல்லாம் பஞ்சுத்தூசியோடு வந்து படுத்தால் பாய் கொதிக்கிறது. எழுந்து, சட்டை மாட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்துக் கத்தினேன். "எந்திரிச்சா பாயை உதறிப் போட்டுட்டுப் போக மாட்டியாடா? உன் சூட்டுல வந்து படுக்கோணும்னு எனக்கென்ன தலையெழுத்தா? நீ எந்திரிச்சுப் பத்து நிமிசம் ஆனாலும் ஆற மாட்டேங்குது." அவன் "சரி மாப்ள, சரி மாப்ள" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான். ஓடினவன் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

அனிதாவிடம் சொன்னேன். "அந்த வரி நான் சொன்னது."

"நீங்க பாட்டெல்லாம் எழுதுவீங்களா?"

நடந்ததைச் சொன்னேன். அவள் கரண்டியைக் குண்டாவில் போட்டுவிட்டு முழுசாகக் கேட்டாள். பிறகு, "நீங்க வைதிருக்கீங்க, அவரு பாடியிருக்காரு" என்றாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போகும்போது அதே பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த வரி என்னுடையது என்று அவள் ஒத்துக்கொள்ள வேண்டும். ஊர் முழுக்கச் சொல்ல வேண்டாம். அவள் சொன்னால் போதும். அவனிடம் சண்டை போட்டிருக்கலாம். காலையில் கதவைத் திறக்கிறவன் பாதித் தூக்கத்தில் "வா மாப்ள" என்பான். அந்த முகத்தைப் பார்த்து என் வரியைக் கொடு என்று எப்படிக் கேட்பது? கடன் கொடுத்த சட்டையா அது?

அப்போதுதான் போஸ்டர் வந்தது.

கலைக்குழுக்காரர்கள் கோயமுத்தூர்க்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை பெருமாநல்லூரில் பெரிய கூட்டம் என்று போஸ்டர் அடித்தார்கள். அதில் கொட்டை எழுத்தில் 'சிங்கர் அருண்பாண்டி' என்று போட்டார்கள். திருப்பூரில் சிங்கர் என்றால் பாடுகிறவன் கிடையாது. ஒற்றை ஊசி மெஷின் ஓட்டுகிற டெய்லர். எந்தப் போஸ்ட் கம்பத்தைப் பார்த்தாலும் 'சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை' என்று நோட்டீஸ் இருக்கும்; மற்ற இரண்டும் வேறு வகைத் தையல் மெஷின்கள். அருண்பாண்டியும் சிங்கர் டெய்லர்தான். ஆக, போஸ்டர் இரண்டு வகையிலும் சரி. எங்கள் லைனில் எல்லாரும் அவனை ஓட்டினார்கள். பக்கத்து ரூம் மொக்கைச்சாமி, "அப்ப மேடையில பேட்லாக் யாரு, ஓவர்லாக் யாரு?" என்று கேட்டான். அருண்பாண்டியும் சேர்ந்து சிரித்தான்.

மறுநாள் அந்தப் போஸ்டரின் கீழ்ப்பாதி மேல் ஏதோ ஒரு கம்பெனிக்காரன் தன் நோட்டீஸை ஒட்டிவிட்டான். இப்போது பார்த்தால் மேலே 'சிங்கர் அருண்பாண்டி', கீழே 'ஓவர்லாக், பேட்லாக் தேவை, உடனே வரவும்'. அருண்பாண்டியின் கம்பெனி சூப்பர்வைசர் ஈஸ்வரமூர்த்தி அந்த வழியாக மொபெட்டில் வந்தவர், நின்று படித்திருக்கிறார். ரிகர்சலுக்கென்று அவன் சனிக்கிழமை அரை ஷிப்டு லீவு கேட்டிருந்தான். அவர் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டார்.

"எந்தக் கம்பெனிக்கு சிங்கர் ஓட்டப் போறே? பேரைப் போட்டு நோட்டீஸே ஒட்டிட்டானே அவன்" என்றாராம்.

"சார், அது பாடுற சிங்கரு சார்."

"எந்தச் சிங்கரா இருந்தா எனக்கென்ன சாமி. சிப்மெண்ட் நேரத்துல சனிக்கிழமை ஆள் இல்லைன்னா நான் வேற ஆளைப் போட்டுக்குவேன். போட்டாச்சு."

இதை அவனே எனக்குச் சொன்னான், பாயில் உட்கார்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துச் சிரித்து. வேலை போனவன் சிரிக்கிறான். நான் படுக்க வேண்டும் என்று எழுந்து, பாயை உதறிப் போட்டுவிட்டு, நூல் பெட்டியோடு வாசற்படிக்குப் போய்விட்டான். நான் தூங்கட்டும் என்று விரல்நுனியால் தட்டிக்கொண்டிருந்தான். எரிச்சலாக இருந்தது. நாம் பொறாமைப்படுகிற ஆள் நம்மிடம் நல்லவனாக நடந்துகொள்வதைப் போல ஒரு தொந்தரவு இல்லை. கொஞ்சமாவது திமிர் காட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

இரண்டு நாளில் கதை மாறிவிட்டது. பாட்டுப் பாடினதுக்காக அருண்பாண்டியை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்று டீக்கடையில் பேசினார்கள். மெஸ்ஸில் மயிலாக்கா அவனுக்கு ஒரு ஆம்லெட் சேர்த்து வைத்தாள். "சாப்புடு கண்ணு. உண்மையச் சொன்னா இந்தக் காலத்துல இப்படித்தேன்" என்றாள். அனிதா அவனைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். போஸ்டர் கோளாறால் வேலை போனவன் தியாகி ஆகிவிட்டான். எனக்கு மட்டும்தான் உண்மை தெரியும். ஞாயிற்றுக்கிழமை அனிதாவிடம் அதைச் சொல்வதாக முடிவு செய்தேன். எப்படிச் சொன்னால் சிரிப்பாள் என்றுகூட யோசித்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் இந்தக் கூட்டம் பகலிலேயே நடந்தது. அனிதா, மயிலாக்கா, நான் மூவரும் டவுன் பஸ்ஸில் போனோம். மைதானம் நிறைந்திருந்தது. கம்பெனி வேன்களில்கூட ஆட்கள் வந்திறங்கினார்கள். தரையில் உட்கார்ந்தோம். அனிதாவை ஒட்டி எனக்கு இடம் கிடைத்தது. "அனிதா, ஒரு விசயம்" என்று ஆரம்பித்தேன். அதற்குள் மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "பாடியதற்காகவே பணி பறிக்கப்பட்ட தோழர்" என்று முழங்கினார். கைதட்டல். அருண்பாண்டி வந்தான், என் நூல் பெட்டியோடு.

"அது வந்து, பாட்டுக்காக எடுக்கலீங்க" என்றான் மைக்கில். "போஸ்டருக்காக எடுத்தாங்க." எல்லாவற்றையும் சொன்னான். ஈஸ்வரமூர்த்தியின் குரலிலேயே பேசிக் காட்டினான். மைதானமே சிரித்தது. அனிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஆனா ஒண்ணு. மூணு வருசம் வேலை பாத்தவனை எடுக்க ஒரு நோட்டீசு போதும்னா, அந்த வேலைக்கு எத்தன நூல் பலம்னு பாத்துக்கோங்க" என்றபோது சிரிப்பு நின்றது.

நான் சொல்ல வைத்திருந்ததை அவனே சொல்லிவிட்டான். நான் யோசித்ததைவிட நன்றாகச் சொன்னான்.

அதோடு விட்டிருக்கலாம். பெட்டியைத் தட்டப்போனவன் நிறுத்தி, "இந்தப் பாட்டோட மொத வரி என்னோடது இல்ல" என்றான். "என் ரூம்ல நைட் ஷிப்டு பாக்குற கன்னையன்னு ஒருத்தன். அவன் என்னைய வைதான். அதத்தான் நான் பாடுறேன். இங்கதான் எங்கயோ உக்காந்திருக்கான். கன்னையா, எந்திரி மாப்ள."

ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அனிதா என் முழங்கையைத் தட்டினாள். "எந்திரிங்கண்ணா. நெசமாவே நீங்க சொன்னதுதானா? நான் நம்பவே இல்லீங்க."

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவன் எடுத்து, அவன் மைக்கில், அவன் கையால் கொடுத்தது. எழுந்து நின்றால் எனக்குத் தட்டுகிற கையும் அவன் பெருந்தன்மைக்குத் தட்டுவதாகத்தான் இருக்கும். தலையைக் குனிந்து செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெக்கப்படுறான் போல" என்றான் அவன். அதற்கும் சிரித்தார்கள். பிறகு பாடினான்.

அவன் பாடி நான் முழுசாகக் கேட்டது அன்றுதான். நன்றாக இருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 'ஆறல' என்ற இடத்தில் குரலை ஏற்றாமல் அப்படியே கீழே விட்டுவிட்டான். நான் கத்தின வார்த்தை அது. அவன் வாயில் அது யாரையோ தேடியது.

மறுநாள் அவன் கலைக்குழுவோடு கிளம்பிவிட்டான். ஊர் ஊராகக் கூட்டம், அப்புறம் கோயமுத்தூரில் பாட்டுகளை சிடி போடப்போகிறார்களாம். நான் மில்லிலிருந்து வந்தபோது கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி மொக்கைச்சாமியிடம். உள்ளே பாய் சுருட்டிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. என் துணிகள் மூலையில் மடித்துக் கிடந்தன. பெட்டியைக் கொண்டுபோய்விட்டான்.

பாயை விரித்துப் படுத்தேன். ஜில்லென்று இருந்தது. இத்தனை நாள் கேட்டது இதைத்தானே என்று கண்ணை மூடினேன். தூக்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள், பழக்கதோஷத்தில், படுக்குமுன் பாயைத் தூக்கி உதறினேன். உதற அதில் ஒன்றும் இல்லை. அப்போது வந்தது.

*ஆறிப்போன பாய உதறுறேன், ஒண்ணும் விழல.*

கடல் இல்லை, நிலா இல்லை. என் வாழ்க்கையில் நான் எழுதின முதல் நல்ல வரி. எனக்கே தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் காலையில் மெஸ்ஸுக்குப் போனால், வாசலில் இருந்த காயின் பாக்ஸ் போன் அடித்தது. அனிதா எடுத்து, "உங்களுக்குத்தானுங்ண்ணா, பாட்டுக்காரரு" என்று நீட்டினாள்.

"மாப்ள, சாப்பிட்டியா?" பின்னால் பஸ் ஹாரன் சத்தம். "அந்தப் பாய்ப் பாட்டுக்குக் கடைசிச் சரணம் இல்லையேங்காங்க. நாளைக்கு ரெக்கார்டிங். எனக்கு ஒண்ணும் வரமாட்டேங்கு. அந்த ரூம்ல இருந்தாத்தான் வரும் போல. அன்னைக்கு மாதிரி என்னைய ஏதாச்சும் வையேன்."

"என்ன வைய?"

"எதையாச்சும். பெட்டியத் தூக்கிட்டு வந்ததுக்கு வை. நான் இல்லாம எப்படி இருக்கு, அதச் சொல்லு."

அனிதா பக்கத்திலேயே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரி நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் நாளைக்கு அது சிடியில் இருக்கும். மேடைக்கு மேடை என் பெயரையும் சொல்வான். சொல்லக்கூடியவன்தான்.

"ஒண்ணுமில்ல. நல்லாத் தூங்குறேன்" என்றேன்.

"சரி மாப்ள" என்றான். "பாய வெயில்ல போடு."

போனை வைத்தேன்.

"என்னங்க சொன்னாரு?" என்றாள் அனிதா.

"இட்லி இருக்கா?"

அன்று ஷிப்டில் மெஷினைச் சுற்றி நடந்தபோது அந்த வரியைச் சொல்லிப் பார்த்தேன். இரைச்சலில் யாருக்கும் கேட்காது. வெறுமனே சொன்னால் நிற்கவில்லை, பாடித்தான் ஆக வேண்டும்போல் இருந்தது. எனக்குப் பாடத் தெரியாது. இருந்தாலும் வாயைத் திறந்தேன். 'விழல' என்ற இடத்தில் குரல் தானாகக் கீழே இறங்கியது. இரண்டாம் தடவையும் அப்படியே. நூலை மாற்றிவிட்டு, வேறு எப்படியாவது பாட முடியுமா என்று பார்த்தேன். வரவில்லை. அவன் மெட்டுதான் வந்தது.