மாதிரி வீட்டுத் தம்பதி

உடல்நலமும் மனித மேம்பாடும் சொல்லித்தரும் அந்தக் கல்லூரிக்கு மூன்று கட்டடங்கள். முதலாவது உடற்பயிற்சித் துறை. பல்கலைக்கழகத்திலேயே லிஃப்டுக்கு நீளமான வரிசை நிற்பது அங்கேதான். இரண்டாவது சத்துணவுத் துறை. அதன் வாசலில் இருக்கும் சிப்ஸ் இயந்திரத்தைத் தட்டித் தட்டிப் பொத்தான்கள் எல்லாம் தேய்ந்துவிட்டன. மூன்றாவது குடும்ப உறவுத் துறை. அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை. எதுவானாலும் சுற்றறிக்கைதான்.

இந்த மூன்றாவது கட்டடத்தின் துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் சமாதானம். கணவனும் மனைவியும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று தலையணை தடிமனுக்குப் புத்தகம் எழுதியவர். அவருடைய மனைவி இரண்டாவது கட்டடத்தில் சத்துணவுப் பேராசிரியை. இருவர் அறை ஜன்னல்களும் எதிரெதிரே இருந்தன. இவர் திறந்தால் அவள் மூடிவிடுவாள்.

காரணம் அந்தப் புத்தகம்தான். ‘மனைவி அ, குக்கர் மூடியைத் தரையில் எறிகிறாள்’ என்று அதில் ஓர் உதாரணம் வருகிறது. எந்த வீட்டுக் குக்கர் என்று கல்லூரிக்கே தெரிந்துபோயிற்று. அவள் வகுப்பிலேயே ஒருவன் எழுந்து, “மேடம், அது எத்தனை லிட்டர் குக்கர்?” என்று கேட்டான். அன்று வீட்டுக்கு வந்தவள், “இனிமே நான் பேசினாத்தானே அடுத்த பதிப்புல வரும்?” என்று சொல்லி வாயை மூடியவள்தான். ஊருக்கெல்லாம் சமாதானம் செய்துவைத்தவர் தன் வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால்கூடத் தானே போய் மொண்டு குடித்தார்.

இப்போது அவளுக்கு வேறொரு ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பதவி கிடைத்திருந்தது. மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்தச் செய்தியும் அவருக்குச் சுற்றறிக்கையில்தான் வந்தது. காலையிலிருந்து மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ‘போகாதே’ என்ற ஒரு சொல்லைக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அது ஏதாவதோர் ஆய்வின் மேற்கோளோடுதான் வெளியே வந்தது.

போதாக்குறைக்கு அன்றைக்கென்று, கல்லூரியைப் பார்த்துத் தரம் போடும் தரக்குழு வந்திருந்தது. காட்டுவதற்கு அவர் துறையில் இருந்த ஒரே உருப்படி மாதிரி வீடு. தரைத்தளத்தில் ஒரு வரவேற்பறை: சோபா, திரைச்சீலை, பூச்சாடி, விளக்குக்குள் ஒளித்துவைத்த மைக். சுவரில் பெரிய கண்ணாடி. உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தங்கள் முகம்தான் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் இருட்டறையில் இருக்கும் மாணவர்களுக்கு எல்லாமே தெரியும். தம்பதி பேசப்பேச, அவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆதரவு, குறை, மழுப்பல் என்று வகை பிரித்து எழுதுவார்கள். வகைகள் எல்லாம் சமாதானம் கண்டுபிடித்தவை.

அன்று வருவதாக இருந்த தம்பதி வாகன நிறுத்தத்திலேயே சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். கல்லூரி முதல்வர் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

“சார், மானம் கப்பலேறிடும். நீங்களும் மேடமும் கொஞ்ச நேரம் உக்காந்து பேசுங்க, போதும்.”

“நாங்களா?”

“நிஜத் தம்பதிதானே சார் நீங்க?”



முதல்வர் முகத்துக்காக அவள் வந்தாள். சோபாவின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். இவர் இந்தக் கோடியில்.

“நீ வந்ததுக்கு நன்றி. உன் நேரத்தை நான் மதிக்கிறேன்,” என்று ஆரம்பித்தார். ஆதரவில் ஒன்று சேர்ந்திருக்கும்.

“சோபா நல்லாயிருக்கு. நம்ம வீட்டு சோபா ஸ்பிரிங் குத்துது.”

“உனக்கு அசௌகரியமா இருக்குன்னு நீ சொல்றது எனக்குப் புரியுது.”

“வாங்கின நாள்லேர்ந்து குத்துது. இப்பத்தான் புரியுதாக்கும்.”

இது குறை. கண்ணாடிக்குப் பின்னால் பேனா ஓடும் சத்தம் அவர் காதுக்கே கேட்பதுபோல் இருந்தது.

அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். “நான் போறதா முடிவு பண்ணிட்டேன். சாயங்காலம் சொல்லிடுவேன்.”

“உன் முடிவை நான்...” என்றார். ‘மதிக்கிறேன்’ என்பதுதான் அடுத்த சொல். அவர் மதிக்கவில்லை. “போகாத,” என்றார்.

“ஏன்?”

“தம்பதிகள் தனித்தனி ஊர்ல இருந்தா, ஆய்வுகள் என்ன சொல்லுதுன்னா...”

“ஆய்வு கிடக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?”

கண்ணாடி, மைக், தரக்குழு எல்லாம் அவருக்கு மறந்துபோயின.

“நீ போயிட்டா நான் யார்கூடப் பேசாம இருப்பேன்?” என்றார். “தினம் காலைல டீ டம்ளரை டொக்குன்னு வைக்கிறியே, அதைக் கேட்டாத்தான் எனக்கு விடிஞ்ச மாதிரி இருக்கு. கோவமா இருக்க, ஆனா இருக்க. அதுவும் இல்லன்னா அது வீடா?”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். வெகுகாலம் கழித்து அந்தச் சிரிப்பு. கண்ணில் நீர் தளும்பியது. சோபாவில் இந்தப் பக்கமாக நகர்ந்து வந்தாள்.

“இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?” என்று கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். “இருங்க, வரலன்னு இப்பவே சொல்லிடறேன்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது அறிவில்லை என்று விட்டுவிடலாம், இவர் அறிவாளி. சமாதானத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கண்ணாடி பக்கம் திரும்பி, வகுப்பில் கேட்கிற அதே குரலில் கேட்டார்:

“இப்ப நான் சொன்னது எந்த வகைல வருது? குறிச்சிட்டீங்களா?”

போன் அவள் காதுக்குப் போகிற வழியிலேயே நின்றது.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் அவசரத்தில் யாரோ இருட்டறை விளக்கைப் போட்டார்கள். கண்ணாடியில் இருவர் முகமும் மறைந்து, பின்னால் வரிசையாக மாணவர்களும் முதல்வரும் தரக்குழுவும் தெரிந்தார்கள். ஒரு மாணவி தாளைத் தூக்கிக் காட்டினாள்.

“எதிலயும் வரல சார். ‘மற்றவை’ல போட்டிருக்கோம்.”

“மற்றவையா? இதுக்குப் புது வகையே வேணும்மா!” சட்டைப்பையைத் தடவினார். பேனா இல்லை. பக்கத்தில் திரும்பினார். “உன்கிட்ட பேனா இருக்கா?”

இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

“மனைவி ‘ஆ’ன்னு போடுங்க,” என்றாள். “‘அ’ ஏற்கெனவே வந்துட்டா.”

போனைக் காதில் வைத்தபடியே வெளியே போனாள். கதவு சாத்துவதற்குள், “ஆமா சார், வரேன்,” என்று அவள் சொன்னது விளக்குக்குள் இருந்த மைக்கில் தெளிவாகப் பதிவாயிற்று.

கல்லூரிக்கு முதல் தரம் கிடைத்தது. ‘தம்பதியாக நடித்த இருவரும் நிஜம்போலவே இருந்தார்கள்’ என்று குழு பாராட்டியிருந்தது. அதையும் சுற்றறிக்கையாக்கி மூன்று கட்டடங்களிலும் ஒட்டினார்கள்.

அவள் ஊருக்குப் போன மறுநாள் காலையில் சமாதானம் தானே டீ போட்டார். டம்ளரை மேசையில் டொக்கென்று வைத்துப் பார்த்தார். இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக வைத்தார். சத்தம் என்னவோ அதே சத்தம்தான். கோபம்தான் இல்லை.