ஒரே இழுப்பு

கந்தப்பன் மாஸ்டரிடம் யாரும் துக்கம் விசாரிப்பதில்லை. அவன் இடம் கொடுக்கவில்லை. மனைவி பூரணி ஐப்பசியில் பிரசவத்தில் போனாள், பிள்ளையும் தங்கவில்லை. காரியம் முடிந்த மறுநாளே பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டான். "கல்லாட்டம் இருக்காரு" என்று தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அவனுக்கும் அப்படித்தான் இருந்தது.

அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான், மலையைவிட்டுப் போவது. பேராதனையில் படித்த காலத்தில் நாடகங்களுக்குத் திரையும் உடுப்பும் செய்தவன் அவன். லண்டனில் ஒரு கல்லூரி அந்த வேலைக்கே பட்டமேற்படிப்பு நடத்தியது. அவன் அனுப்பிய வரைபடங்கள் அவர்களுக்குப் பிடித்திருந்தன. ஆனால் அவன் செய்த உடையை ஆள் உடுத்தி ஆடும்போது எடுத்த புகைப்படம் ஒன்று வேண்டும் என்றார்கள். அது இல்லாமல் இடமில்லை.

மாசி பிறந்திருந்தது. தோட்டத்தில் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டுவிட்டார்கள். சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிவான். ரதி கலர்ச் சேலையைக் களைந்து வெள்ளை உடுத்திப் புலம்புவாள். அவள் மாற்றுகிறவரை இரண்டு பேர் போர்வையை விரித்து மறைப்பார்கள், தப்புமேளம் சும்மா அடிபட்டுக்கொண்டிருக்கும். அந்தப் போர்வை கந்தப்பனுக்கு ஆகாது. சேலையைத் துண்டு துண்டாக வெட்டி, கொக்கி வைத்துப் பூட்டி, இடுப்பு முடிச்சை ஒரே இழுப்பு இழுத்தால் மொத்தமும் காலடியில் விழுந்து உள்ளே வெள்ளை தெரியும்படி வரைந்திருந்தான்.

அட்டன் டவுனில் ஹமீத் கடையில் சிவப்புத் துணி எடுத்துத் தைத்துக்கொண்டு போனான். ரதி வேடம் கட்டும் அழகுமுத்து உடுத்தி, இழுத்தும் பார்த்தான்.

"மாஸ்டர், உள்ள வெள்ள நிக்கும்ல? அதுவும் சேந்து கழண்டுச்சுன்னா நாளைக்கு நான் தேயிலை கவ்வாத்து வெட்ட மலைக்குப் போக முடியாது. பொம்பளைங்க பேரு வச்சிருவாங்க."

கூத்து வாத்தியார் மாயாண்டி சிரிக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைச் சேலையில ரதி வரமாட்டாங்க, மாஸ்டர். வாழ்ந்த பொம்பள உடுத்துன சேலதான் கட்டணும். வருசா வருசம் அதான் நடப்பு."

"யாராவது குடுப்பாங்களா, அண்ணே?"

"குடுப்பாங்க. வெட்டக் குடுக்க மாட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "ஒங்க சம்சாரம் பூவும் பொட்டுமாப் போனவங்க. அவங்க சேலைக்கு ஒரு கொறையும் இல்ல."

பெட்டியில் மிஞ்சியிருந்தது ஒன்றுதான், மஞ்சள் கரை போட்ட நீலச் சேலை. கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக வேலை பார்க்கும்போது பூரணி உடுத்துவது. மேசைமேல் விரித்தான். சுண்ணக்கட்டியால் கோடு போட்டான். கத்தரி தடங்கலில்லாமல் போயிற்று. கை நடுங்கியிருக்கலாமே என்று நினைத்தான்.

கூத்தன்று விடியும் நேரத்தில் வைக்கோல் மதன் எரிந்தான். மூடுபனிக்கு மேலே வெளிச்சம் வந்திருந்தது. கந்தப்பன் சொல்லி வந்திருந்த படம்பிடிக்கிற மஃறூப் காமிராவை முக்காலியில் நிறுத்தித் தயாராக இருந்தான். ரதி ஓடிவந்து சாம்பலருகே நின்றாள். அழகுமுத்து முடிச்சில் கை வைத்தான்.

இழுக்கவில்லை.

தப்படித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கந்தப்பன் முன்வரிசையிலிருந்து, "இழு" என்றான். அழகுமுத்து தோளிலிருந்த கொக்கியை மெல்லக் கழற்றினான். முந்தானை கையில் வந்தது. அதை நான்காக மடித்தான். நேரே நடந்துவந்து கந்தப்பனின் மடியில் வைத்தான். திரும்பிப் போய்க் கொசுவத்தை எடுத்து, மடித்து, கொண்டுவந்து வைத்தான். பிறகு மிச்சத்தையும். வெள்ளையில் நின்று, அவன் முன்னாலேயே மண்டியிட்டு, ரதி புலம்பத் தொடங்கினாள். பெண்கள் பக்கம் விம்மல் கேட்டது.

கந்தப்பன் மடியைப் பார்த்தான். துணி சூடாக இருந்தது. உயிருள்ள உடம்பின் சூடு. அந்தத் துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

ஆட்டம் முடிந்து அழகுமுத்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகத்தில் பூசிய அரிதாரம் வழிந்திருந்தது.

"கோவமா, மாஸ்டர்? ஒங்க பொழப்பக் கெடுத்துட்டேன்."

"ஏன் இழுக்கல?"

"எம்புள்ளைக மூணும் காம்பராவுல இந்தச் சேலையிலதான் தூங்குச்சுக. நான் எப்படி உருவிக் கீழ போடுவேன்?"

மஃறூப் மெல்ல அருகில் வந்தான். "படம் விழுந்திருக்கு மாஸ்டர். ஆனா நீங்களும் உள்ள விழுந்துட்டீங்க. ரதிக்கு முதுகுதான் தெரியும். வேணும்னா இவர நிப்பாட்டி இன்னொன்னு எடுப்போம். ஒரு நிமிச வேல."

"வேணாம். அதையே கழுவிக் குடுங்க."

"லண்டன்காரன் ஏத்துக்குவானா?"

"தெரியாது."

வீட்டுக்கு வந்து வரைபடத்தில் 'ஒரே இழுப்பு' என்றிருந்ததை அழித்தான். ஒவ்வொரு துண்டும் கழற்றப்படும் வரிசையை எழுதினான். துண்டுகளை வைக்க ஒரு மடி வேண்டும் என்றும் எழுதினான்.

மறுநாள் மாலை மாயாண்டி வாசலில் வந்து நின்றார். எப்படிக் கேட்பதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தார்.

"நாளைக்கு மூணாம் நாள், மாஸ்டர். மதன எழுப்பணும். ரதி மறுபடியும் கலர் உடுத்தணும்..."

"அவளுக்குப் புருசன் எந்திரிச்சு வந்துர்றான்" என்றான் கந்தப்பன்.

மாயாண்டி படியிறங்கப் போனார்.

"உக்காருங்க அண்ணே. ரெண்டு கொக்கி தளர்ந்திருக்கு. தச்சுத் தாறேன்."

ஊசியில் நூல் கோர்க்கச் சற்று நேரம் பிடித்தது. கை நடுங்கியது.