கண்ணாடிப் பெட்டிக்குள் ராசம்மாவின் சாவி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என் சட்டையைப் பிடிக்காதீர்கள். ஒரு முன்னாள் தலைவருக்குக் கொழும்புப் பக்கம் கட்டிய தேசிய நினைவகத்தைப் பார்க்கப் போனேன். (தலைவரும் நினைவகமும் நான் கட்டியவை. தேடிப் போகாதீர்கள். போனேன் என்றதையும் கொஞ்சம் சந்தேகத்தோடே கேளுங்கள்.) பளிங்குத் தரை, ஆளுயரத்துக்கு மேலே சிலை, மண்டபத்தின் நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் சிவப்பு வெல்வெட்டில் ஒரு சாவி. "தோட்ட மக்களுக்கு அவர் வழங்கிய வீட்டின் சாவி" என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தது.

எனக்கு ஒன்று உறுத்தியது. வீட்டைக் கொடுத்திருந்தால் சாவி வீட்டுக்காரரிடம் அல்லவா இருக்க வேண்டும்? இங்கே என்ன செய்கிறது? அந்த உறுத்தலுக்குத்தான் விஜயலெட்சுமி என்று பெயர் வைத்தேன்.

2

பனி விலகாத காலையில், கொழுந்துக் கூடையோடு அவள் மலைச்சரிவில்...

வேண்டாம். மலையகத்துப் பதுளையைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே பேனா தானாகப் பனியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. அவள் பஸ்ஸில் இருந்தாள், அவ்வளவுதான். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு நினைவகம் பார்க்கப் போகிற பஸ். ஏற்பாடு செய்தவர் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் தயாபரன். பஸ் இலவசம், சாப்பாடு இலவசம், அன்றைக்குப் பேரும் உண்டு, அதாவது வேலைக்கு வந்த நாளாகவே கணக்கு. விஜயலெட்சுமிக்கு அதுதான் முதல் சந்தேகம். தயாபரன் சும்மா ஒரு வெற்றிலையைக்கூட நீட்டுகிற ஆளில்லை.

ஹல்துமுல்லையில் தேநீருக்கு நிறுத்தியபோது எல்லோரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. மடியில் முடிந்திருந்ததைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

3

மடியில் இருந்ததும் ஒரு சாவிதான். இதைக் கடைசிவரை ஒளித்து வைத்து உங்களைத் திடுக்கிட வைத்திருக்கலாம். அந்த வித்தையில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

நினைவகத்துத் தலைவர் உயிரோடிருந்த காலத்தில் தோட்டத்துக்கு வந்து, புது வீடொன்றின் சாவியை விஜயலெட்சுமியின் மாமியார் ராசம்மாவின் கையில் வைத்தார். படம் எடுத்தார்கள். போட்ட மாலை காய்வதற்குள், கூரை வேலை பாக்கி, அதுவரை லயத்து வரிசைவீட்டிலேயே இருங்கள் என்றார்கள். கூரை வேலை முடிந்ததும் அந்த வீட்டுக்குத் தோட்ட ஆபீஸ் கிளாக்கர் குடிவந்தார். ராசம்மா சண்டை போடவில்லை. சாவியைச் சாமித்தட்டில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, வெள்ளிக்கு வெள்ளி விபூதி பூசி, குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டினாள். அவள் கண்மூடிய பிறகு மருமகள் காட்டினாள். கதவைத் திறக்காத சாவிக்கு வேறென்ன செய்வது?

இப்போது மண் சரிந்து லயத்தின் பின்சுவர் வெடித்துவிட்டது. வெளியேறச் சொல்லிவிட்டார்கள். மற்றவர்களுக்குப் புது வீடு வருகிறது. விஜயலெட்சுமி போய்க் கேட்டால், "ஒங்க குடும்பத்துக்குத்தான் அப்பவே வீடு குடுத்தாச்சே, நெனவகத்துல படமே இருக்கே" என்கிறார்கள். அந்தப் படம் இருக்கிற இடத்திலேயே போய்ச் சாவியைக் காட்டி, வீடு கைக்கு வரவேயில்லை என்று யாராவது பெரிய ஆளிடம் சொல்லிவிட வேண்டும். அதற்குத்தான் வந்தாள்.

4

பெண்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை. சிலையை வலமாகச் சுற்றினார்கள். ஒருத்தி விபூதித் தட்டைத் தேடினாள். காவலாளி அப்போதிருந்தே இவர்கள்மேல் ஒரு கண் வைத்திருந்தான்.

கண்ணாடிப் பெட்டிக்கு மேலே அந்தப் படம் மாட்டியிருந்தது. சாவியின் கீழே சின்ன எழுத்தில், "ராசம்மா குடும்பத்தாரின் அன்பளிப்பு."

விஜயலெட்சுமி அதை இரண்டு முறை படித்தாள். யார் குடும்பம்? யார் கொடுத்தது? திரும்பினாள். தயாபரன் சிலையின் பாதத்தை அபாரமான அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். மடி முடிச்சை அவிழ்த்து, தன் சாவியைப் படத்திலிருந்த மாமியாருக்கு உயர்த்திக் காட்டினாள்.

"அத்தை, இந்தா எங்கிட்டத்தான் இருக்கு."

காவலாளி கண்டது இவ்வளவுதான்: சாவிப் பெட்டியருகே, கையில் சாவியோடு ஒரு பெண். பிடுங்கிக்கொண்டான்.

5

அங்கே வழிகாட்டியாக வேலை பார்த்த நிஸாம் ஓடிவந்தான். பதுளைக் கடைத்தெருப் பையன், சிங்களமும் தமிழும் சரளம். பெட்டி பூட்டித்தான் இருக்கிறது, சாவியும் உள்ளேதான் இருக்கிறது என்று காவலாளிக்குக் காட்டினான். அப்படியானால் இது என்ன என்றான் காவலாளி. நிஸாம் அவளிடம் கேட்டான்.

"அக்கா, இது எந்த வீட்டுச் சாவி?"

தயாபரன் நெருங்கிவந்து காதுக்குள் பேசினார். "ஒங்க வூட்டு ட்ரங்குப் பெட்டிச் சாவின்னு சொல்லிட்டு வாங்க. புது வீட்டுக்கு ஒங்க பேர நான் போட வைக்கிறேன்."

இந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது.

6

முடிவு ஒன்று: ட்ரங்குப் பெட்டிச் சாவி என்கிறாள். விடுகிறார்கள். தயாபரன் சொன்னபடி புது வீடு... இல்லை, தயாபரனை எனக்கே நம்ப முடியவில்லை.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறாள். மண்டபமே வாயடைத்துப் போகிறது. பெரிய அதிகாரி வந்து மன்னிப்புக் கேட்டு... எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

நான் இப்படி அடித்துத் திருத்திக்கொண்டிருக்கையில் அவளே பேசிவிட்டாள்.*

"ரெண்டு சாவியையும் கொண்டுக்கிட்டுத் தோட்டத்துக்கு வாங்க தம்பி. அந்த வூட்டுக் கதவுல போட்டுப் பாப்போம்."

நிஸாம் சிங்களத்தில் சொன்னான். காவலாளி பெட்டியைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், தயாபரனைப் பார்த்தான். சோதிக்க வேண்டுமானால் பெட்டியைத் திறக்க வேண்டும். அங்கே யாருக்கும் அதைத் திறக்க விருப்பமில்லை. அவளுடைய சாவியை அவசரமாக அவள் கையிலேயே திணித்துவிட்டான்.

* இவ்வளவு துணிச்சல் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நானும் சந்தேகப்பட்டேன். அவள் சொன்ன வரியை அடித்துப் பார்த்தேன். அந்த வரி இல்லாமல் அவள் பஸ் ஏற மறுக்கிறாள்.

7

அந்தக் கதவில் இப்போது என்ன பூட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொன்னாலும் நம்பாதீர்கள். திறந்தது என்று எழுதினால், நினைவகத்தார் அந்தச் சாவிக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்துவிடுவார்கள். திறக்கவில்லை என்று எழுதினால், தயாபரன் நிம்மதியாகத் தூங்குவார். இரண்டுக்கும் நான் ஆளில்லை.

பஸ் திரும்பிவிட்டது. அவள் லயத்துக்குப் போகவில்லை. நேரே அந்த வீட்டு வாசலுக்குப் போய்ச் சாவியைத் துவாரத்தில் வைத்திருக்கிறாள். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து யாரோ, "யாரது?" என்கிறார்கள்.

"வூட்டுக்காரி" என்கிறாள்.

உள்ளே இருப்பது கிளாக்கர் அல்ல, நீங்கள்.