மணமகள் குளியலுக்கு முன்

வஸீலாவின் மகள் ஒல்ஃபாவின் கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் மணமகளைப் பொதுக் குளியல் கூடமான ஹம்மாமுக்கு அழைத்துப்போவார்கள். சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் வருவார்கள். மணமகளின் அம்மாவும் அவர்கள் நடுவில் துணி களைந்து குளிக்க வேண்டும். உள்ளே நீராவிக்குக் குறைவிருக்காது. ஆனால் துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பெண்களின் கண்ணை மறைக்கிற நீராவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

வஸீலாவின் இடது மார்பில் புற்றுநோய். இது கணவருக்கும் அக்கா தூஜாவுக்கும் மட்டுமே தெரியும்.

"கட்டி ரெண்டு இடத்துல இருக்கு. கட்டியை மட்டும் எடுத்தா போதாது," என்றார் டாக்டர். "தோலையும் காம்பையும் விட்டுட்டு உள்ள இருக்கறதை எடுத்துடலாம். மார்புக்கு அடியில கீறினா தழும்பு தெரியாது. உள்ள சிலிக்கோன் பை வைக்கலாம். இல்லேன்னா உங்க வயித்துச் சதையை வைக்கலாம்."

"இவகிட்ட ஏது சதை?" தூஜா தன் வயிற்றைத் தட்டினாள். "என்னுதை எடுத்துக்குங்க டாக்டர். நாலு பேருக்கு வரும்."

"அடுத்தவங்க சதை ஒட்டாதும்மா."

"என்கிட்ட மட்டும் எப்படி இப்படி ஒட்டிக்கிச்சு?"

வஸீலா சிரிக்கவில்லை. "காம்பு நிச்சயமா தங்குமா டாக்டர்?"

"அதுக்குப் பின்னால இருக்கற சதையை ஆபரேஷன் நடுவுலயே சோதிப்போம். நோய் இருந்தா எடுத்துத்தான் ஆகணும். இல்லேன்னாலும் ரத்த ஓட்டம் சரியா வரணும். உணர்ச்சி அநேகமா இருக்காது."

"உணர்ச்சியை யாரும் பாக்கப் போறதில்ல. பையே வைங்க."

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும், சோதனையில் நோய் இல்லை, காம்பை விட்டுவிட்டோம் என்றார்கள். கூடவே, கருத்துப்போனால் எடுக்க வேண்டிவரும் என்றும் சொல்லிவைத்தார்கள்.

மறுநாள் நர்ஸ் கட்டைப் பிரித்தாள். வஸீலா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அக்கா, நீ பாத்துச் சொல்லு."

பிறந்ததிலிருந்து வாய் மூடாத தூஜா குனிந்து பார்த்தாள். பிறகு இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"என்ன நிறம்னு சொல்லேன்!"

"பேரீச்சம்பழ நிறம்டி."

"எந்தப் பேரீச்சம்பழம்? பழுத்ததா, கருத்துக் காஞ்சதா?"

"ஓரத்துல அது. நடுவுல இது."

"இதெல்லாம் ஒரு பதிலா?" வஸீலா தானே கண்ணைத் திறந்தாள்.

நர்ஸ் விரலால் அழுத்தி எடுத்தாள். அந்த இடம் வெளுத்தது. வெளுத்தபடியே நின்றது. பிறகு, போனால் போகிறது என்பதுபோல, மெல்லச் சிவந்தது.

"ரத்த ஓட்டம் இருக்கு. நாளைக்கும் பாக்கணும். அழுத்தினப்ப வலிச்சுதா?"

"ஒண்ணுமே தெரியல." வஸீலா அந்தச் சிவப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னொரு தடவை அழுத்தும்மா."