ஸ்டெப்னி இல்லாத வண்டி

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு, அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் முழங்காலிட்டு, லிப்ட் இன்ஸ்பெக்டர் தன் காரின் முன்சக்கரத்திலிருந்து நல்ல காற்றைத் தானே இறக்கிக்கொண்டிருந்தார். வால்வின் நடுவிலிருக்கும் ஊசியைச் சாவி நுனியால் அமுக்கினால் புஸ்ஸென்று சத்தம் வரும், விட்டால் நிற்கும். அமுக்கினார், விட்டார், அளவுமானியை வைத்துப் பார்த்தார், மறுபடியும் அமுக்கினார். முப்பது பாயிண்ட் காற்று பன்னிரண்டுக்கு வந்தது. யாராவது பார்த்திருந்தால் மனிதருக்கு மறை கழன்றுவிட்டதோ என்று நினைத்திருப்பார்கள். கழலவில்லை. மூன்று வாரமாக அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அது இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். பதினொரு வயது ஆனது. ஏறுவதென்றால் தரையில் உட்காரப் போகிறவர் மாதிரி உட்கார்ந்து பிறகு காலை இழுத்துக்கொள்ள வேண்டும். இஞ்சின் பின்னால் இருக்கும். முன்னால் மூடியைத் திறந்தால் இரண்டு தலையணை வைக்கிற அளவுக்கு ஒரு குழி, அதுதான் பெட்டி படுக்கைக்கெல்லாம் இடம். ஸ்டெப்னி கிடையாது. அதற்குப் பதிலாக, டயருக்குள் ஊற்றும் பசை ஒரு பாட்டில் கொடுத்திருந்தார்கள், அதன் மேல் அச்சிட்டிருந்த தேதி எப்போதோ முடிந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில் இன்ஸ்பெக்டர் இந்த வண்டியை யாரிடமும் கேட்காமல் வாங்கிவந்தார். யாரிடமும் என்றால் மனைவியிடம். வீட்டில் வேறு ஆள் இல்லை, மகள் வேலை கிடைத்துத் தூரதேசம் போய்விட்டாள்.

நான்கு மாதத்தில் மனைவி அதில் ஒருமுறைகூட ஏறவில்லை. சண்டை ஒன்றும் போடவில்லை. கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"ஊர்ல இருக்குற லிப்டுக்கெல்லாம் ரெண்டாவது கயிறு எங்கன்னு கேக்குறவர், ஸ்டெப்னி இல்லாத வண்டிய வாங்கிட்டு வந்திருக்கார். மண் குதிரைய நம்பி ஆத்துல இறங்குற கதை. நான் வரலப்பா."

குத்தத் தெரிந்தவள். இரும்புக் கயிறு ஒன்றே போதும் என்கிற இடத்தில் நான்கு கட்டினால்தான் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்கு 'ரெண்டாங்கயிறு' என்றே பட்டப்பெயர். தனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பதும் அவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட மனிதர் மாற்றுச் சக்கரம் இல்லாமல் சாலையில் போகிறார் என்றால் சிரிக்க மாட்டார்களா?

மூன்று வாரத்துக்கு முன்பு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் அவள் சொன்னாள். ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் அவள் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். நான்கு மணி நேரத் தொலைவில் உள்ள ஊரில் கிடங்குத் தலைவியாகப் பதவி உயர்வு வந்திருக்கிறதாம். சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டாளாம். ஒன்றாம் தேதி சேர வேண்டும். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை போய் இடத்தையும் தங்குகிற வீட்டையும் பார்த்துவிட்டு வரப் போகிறாளாம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ஆமா, கேக்கல" என்றாள்.

அந்த நிமிடமே இன்ஸ்பெக்டர் முடிவு செய்துவிட்டார். அந்தச் சனிக்கிழமை அவளைத் தன் காரில் அழைத்துப்போக வேண்டும். வீட்டில் பேச்செடுத்தால் அவள் அடுத்த அறைக்குப் போய்விடுவாள். காரில் அடுத்த அறை ஏது? நான்கு மணி நேரம் பக்கத்தில் இருப்பாள். போகாதே என்று சொல்ல வேண்டும். நீ இல்லாத வீட்டில் எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நடுவழியில் டயர் போனால் அத்தனையும் போச்சு. ஆகவே, முதலில் ஒரு நல்ல காற்றடிக்கும் பம்ப் வேண்டும். கதவு பூட்டியிருக்கும்போது சாவித்துவாரத்துக்கு எண்ணெய் விடுகிற ஆளைப் போல அவர் அதில் இறங்கினார்.

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசித்தவர் கதைதான். போனில் பார்த்தார், அலுவலகக் கணினியில் பார்த்தார், லிப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்துகொண்டும் பார்த்தார். வயர் உள்ள பம்ப் நம்பகமானது, ஆனால் வயர் பின்சக்கரம் வரை எட்டவில்லை, இஞ்சினை அணைத்தால் அதைச் செருகும் துளையில் மின்சாரமும் நின்றுவிடுகிறது. பேட்டரியில் ஓடுவது கைக்கு அடக்கம், ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்தால் பேட்டரி கெட்டுவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒன்றில் குழாய் முனையைத் திருகி எடுப்பதற்குள் இரண்டு பாயிண்ட் காற்று வெளியே போயிற்று. இன்னொன்று காட்டிய அளவு பொய். இரண்டை வாங்கி இரண்டையும் திருப்பிக் கொடுத்தார். டயர் கடைக்காரருக்கு அவரைக் கண்டாலே கொட்டாவி வந்தது.

"சார், எத வேணா எடுங்க, எல்லாமே காத்துதான் அடிக்கும். நீங்க எங்க போகணும், அதச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"அவ்வளவுதானா? ரோடு வழுவழுன்னு இருக்குமே. பம்பே வேணாம் சார்."

அது அவர் காதில் ஏறவில்லை. புதன்கிழமை மனைவியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பம்ப் இருந்தா வருவியா?"

"பாக்கலாம்" என்றாள்.

குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். தெரிந்தும் அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். வெள்ளி மாலை, இருப்பதிலேயே வேகமானது என்று பேர் வாங்கிய பேட்டரிப் பம்பை வாங்கிவந்தார். கறுப்பு நிறம், தண்ணீர் பாட்டில் பருமன், முன்பக்கக் குழியில் அவளுடைய பைக்கு இடம் விட்டு அழகாக அடங்கியது. ஆனால் சோதிக்காத கருவியை நம்பி ஆளை ஏற்றுவது அவர் தொழில் தர்மத்திலேயே இல்லை. அதனால்தான் விடிந்தும் விடியாததுமாகக் கீழே வந்து நல்ல டயரை இறக்கினார்.

பம்ப் நன்றாகவே ஓடியது. அந்த மூடிய இடத்தில் அதன் சத்தம் பல் டாக்டரின் மெஷினைவிட மோசமாக இருந்தது. பதினைந்து, பதினெட்டு, இருபது. இருபத்திரண்டில் உடம்பு கொதித்து, சிவப்பு விளக்கைக் காட்டி, தானே நின்றுவிட்டது. சூடானால் ஆறும்வரை ஓடாது என்று பம்போடு வந்த காகிதத்தில் போட்டிருந்ததைப் படித்தவர்தான். குளிர்ந்த காலையில் முதல் ஓட்டத்திலேயே நிற்கும் என்று நினைக்கவில்லை. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பம்பைச் சட்டை நுனியால் விசிறினார்.

லிப்ட் கதவு திறந்தது. மனைவி தோளில் பையோடு வந்தாள். கிளம்பத் தயாராக, தலை வாரி, கைக்கடிகாரம் கட்டியிருந்தாள்.

"என்னங்க, நிஜமாவே பஞ்சரா?"

"இல்ல. நானேதான் இறக்கினேன்."

"எதுக்கு?"

"ஏத்திப் பாக்க."

அவள் சிரித்துவிட்டாள். நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு, அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே குனிந்து டயரைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம் ஆறினா போதும். நீ உக்காரு."

"ஏழே காலுக்கு ரயில் இருக்கு. டிக்கெட் எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள். "உங்களுக்கு மட்டும்தான் ரெண்டாவது கயிறு தெரியுமா?"

சொன்னாளே தவிர நகரவில்லை. பையைத் தரையில் வைத்தாள். காரின் கண்ணாடியை ஒரு விரலால் தொட்டாள்.

"இந்த வண்டிய கொண்டுவந்த அன்னைக்கு என்னைக் கீழ கூப்பிட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

இல்லாமலா? சாயங்காலம் ஆறு மணி. அவள் வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தாள். அவர் இஞ்சினைப் பற்றி, அது பின்னால் இருப்பதன் நன்மையைப் பற்றி, அரை மணி நேரம் சொன்னார்.

"அன்னைக்குத்தான் லெட்டர் வந்துச்சு. பேர் லிஸ்ட்டுல வந்திருக்கு, சம்மதமான்னு கேட்டு. கையில கவரோடதான் இறங்கி வந்தேன். உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு."

"கவரா?"

"கண்ணாடில ஒரு பூச்சி ஒட்டியிருந்துச்சு. 'அந்தப் பேப்பரக் குடு'ன்னு வாங்கிச் சொரண்டினீங்க."

பூச்சி அவருக்கு ஞாபகம் இருந்தது. பச்சை இறக்கை, வால் பக்கம் மஞ்சளாகக் கண்ணாடியில் இழுபட்டிருந்தது. நகத்தால் சுரண்டினால் கீறல் விழும் என்று பயந்ததும் ஞாபகம் இருந்தது. காகிதம் ஞாபகமே இல்லை. யார் நீட்டினார்கள், எங்கே எறிந்தார், ஒன்றுமே இல்லை.

"லெட்டர நான் முதல்லயே எடுத்துட்டேன். கவர்தான் போச்சு" என்றாள், அவரைச் சமாதானப்படுத்துகிறவள் போல.

பம்பில் பச்சை விளக்கு வந்தது. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் அவர் பொத்தானை அமுக்கினார். அந்தச் சத்தத்தில் யாரும் எதுவும் பேச முடியாது, அதற்கு அவர் நன்றியோடு இருந்தார். இருபத்து மூன்று. இருபத்து நான்கு. மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சை மனதுக்குள் தேடினார். போகாதே. பயமாக இருக்கிறது. ஒவ்வொன்றும் தன்னைப் பற்றியே இருந்தது. இருபத்தேழு. மெதுவாக ஏறித் தொலைய மாட்டாயா என்று பம்பை மனதுக்குள் திட்டினார். தேடித் தேடி வேகமானதாக வாங்கியவர் அவர்தான். முப்பதில் அது கச்சிதமாக நின்றது. அடித்தளம் திடீரென்று அமைதியாயிற்று.

மனைவி காரின் கதவைத் திறந்து, அந்தத் தாழ்ந்த இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்து, "அம்மாடி" என்று முனகிக்கொண்டே கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்தாள். வண்டி அவ்வளவு தாழ்வாக இருந்ததால், சக்கரத்தருகே முழங்காலிட்டிருந்தவரின் முகமும் அவள் முகமும் ஒரே உயரத்தில் வந்தன.

ஸ்டேஷனுக்கா, ஊர்வரைக்குமா என்று கேட்க வாயெடுத்தார். வேறு ஒன்று வந்தது.

"லெட்டர்ல என்ன எழுதியிருந்துச்சு?"

அவள் மணியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"முழுசா சொல்லவா?"

"முழுசா சொல்லு."

அவள் மடியில் கைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, முன்கண்ணாடியைப் பார்த்தபடி, தன் பெயரையும் பதவியையும் வருடங்களையும் பிசகாமல், மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினாள். குரல் முதலில் கொஞ்சம் நடுங்கி, இரண்டாம் வரியில் நிமிர்ந்தது. பம்ப் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. அதைக் கீழே வைத்தால் சத்தம் கேட்குமென்று, இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி மாற்றிப் பிடித்தபடி, இன்ஸ்பெக்டர் சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டே இருந்தார்.