சிவப்பு மூஞ்சி

சாகப் போய் மீண்டு வந்த நாகலெட்சுமிக்கு ஆஸ்பத்திரியில் ஒரு போன் கொடுத்தார்கள். அதற்குள் 'உயிர்த்துணை' என்றொரு செயலி இருந்தது. இன்று மனம் எப்படி என்று காலையில் அது கேட்கும். பச்சை மூஞ்சி சிரிக்கும், சிவப்பு மூஞ்சி அழும். அழுகிற மூஞ்சியை அமுக்கினால் அவள் நம்புகிற ஆளுக்குத் தகவல் போகும்; அவர் உடனே கூப்பிட்டு ஆறுதல் சொல்வார்.

டயகமப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இதற்கொரு விழாவும் நடந்தது. போனுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். மனம் விட்டுப் பேசுவதைப் பற்றித் தோட்டத்தை நடத்தும் துரை பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். நோயாளியின் இரகசியம் காக்கப்படும் என்று மைக்கில் அறிவித்துவிட்டு, நாகலெட்சுமியை மேடைக்கு அழைத்துப் படம் பிடித்தார்கள்.

"நம்பிக்கையான ஆள் யாரும்மா?" என்று கொழும்பிலிருந்து வந்தவர் கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் தொழிற்சங்கத் தலைவர் கஜேந்திரன் தன் நம்பரைச் சொல்லிவிட்டார். லயத்து வீட்டுக் கூரை ஒழுகினாலும் பிறப்புச் சான்றிதழ் எடுத்தாலும் தலைவர் வழியாகத்தான் போகும். அழுகை மட்டும் நேரே போய்விடுமா?

கொஞ்ச நாள் பச்சையிலேயே ஓடியது. பிறகு ஒரு காலை, பழைய நினைப்பு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பயந்துபோய்ச் சிவப்பை அமுக்கினாள். போன் அடிக்கும், அடிக்கும் என்று பார்த்தாள். அடிக்கவில்லை. பெரட்டுக்குப் போனாள். வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்த இடத்தில், அத்தனை பேருக்கும் நடுவில் தலைவர் நின்றிருந்தார்.

"இந்தா நாகலெட்சுமி! ஒனக்கு மறுபடியும் மனசு சரியில்லையாமே? போன்ல வந்திருக்கு."

யாரோ சிரித்தார்கள்.

"கொழும்பு ஆளுங்க பாக்க வர்றாங்க. நம்ம டிவிசன் பூரா பச்சையா இருக்கணும்," என்றார் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு சுதாகரன்.

"பச்சக் கொழுந்து பத்தாதுன்னு இப்ப பச்ச மூஞ்சியும் நிறுக்கப் போறீங்களா, ஐயா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"வாய மூடுங்க! மேடையேத்தி போனும் குடுத்தாச்சு, இன்னும் என்னா கொற? அமுக்கு பச்சைய," என்று அதட்டினார் கண்டாக்கு.

அமுக்கினாள். 'வாழ்த்துக்கள்! நீங்கள் நலமாக இருக்கிறீர்கள்' என்றது போன்.

"பாத்தியா, போனே சொல்லிருச்சு," என்றார் தலைவர்.

மலையில் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்த வீரம்மா கையை நிறுத்தினாள்.

"ஏ புள்ள, நெசமாவே சாவணும்னு நெனக்கிறியா?"

இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"ஆமாக்கா. பயமா இருக்கு."

வீரம்மா கூடையை இறக்கினாள். "வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். நான் கூடவே இருக்கேன்."

"எங்க போறீங்க ரெண்டு பேரும்?" என்று மேலிருந்து கணக்கப்பிள்ளை கத்தினார்.

"ஆஸ்பத்திரிக்கு! அரநாள் பேரு போட்டுக்குங்க!" என்றாள் வீரம்மா, பாதிச் சம்பளம் போனால் போகட்டும் என்று.

றோட்டில் பஸ்ஸுக்கு நிற்கையில் போன் அடித்தது. நம்பிக்கையான ஆள் முதல்முறையாகக் கூப்பிடுகிறார்.

"தலைவர்னு ஒருத்தன் இருக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம ஆஸ்பத்திரிக்குப் போறதா?"

வீரம்மா போனை வாங்கி நிறுத்திவிட்டு, வளைவில் தெரிந்த பஸ்ஸுக்குக் கைகாட்டினாள்.