யாருக்கும் ஓட்டுப் போடாதவள்

அப்பாவின் ராஜினாமாக் கடிதத்தை அல்மிராதான் எழுதினாள். லைசாண்டர் டட்டிலின் வலது கை உள்நாட்டுப் போரில் போய்விட்டது. அதற்கு ஈடாகத்தான் மார்லோ ஃபோர்க் ஊரின் போஸ்ட்மாஸ்டர் வேலை அவருக்கு வந்தது. பத்தொன்பது வருடமாகப் பேர் அவருடையது, எழுத்து அவளுடையது. ஆரம்பித்தபோது அவளுக்குப் பத்து வயது.

"தங்கள் கட்சியின் கீழ் ஒரு நாள்கூட வேலை செய்ய விருப்பமில்லைன்னு போடு," என்றார்.

"ரெண்டு மாசத்துல அவங்களே தூக்கத்தான் போறாங்கப்பா. அதுவரைக்கும் இருந்துட்டுப் போகலாமே."

"அவன் தள்ளி நான் விழணுமா? நானே எறங்கறேன். எழுதுடீ."

எழுதினாள். அது 1885 மார்ச். இருபத்து நாலு வருடக் குடியரசுக் கட்சி ஆட்சி முடிந்து, அன்றுதான் வாஷிங்டனில் ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி பதவியேற்றிருந்தார். மேலே ஆள் மாறினால் ஓஹாயோவின் கடைக்கோடித் தபால் நிலையம்வரை ஆள் மாறும். இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. டட்டிலின் கட்சியும் இத்தனை காலம் அதைத்தான் செய்தது.

அடுத்த வாரம் டொலீடோவில் இருக்கும் அக்கா ஸோஃப்ரோனியாவிடமிருந்து கடிதம் வந்தது. 'சமையலறைக்குப் பின்னால் சின்ன அறை காலியாக இருக்கிறது. ஆறு பிள்ளைகளும் உன்னைக் கேட்கிறார்கள். நீ வந்தால் வேலைக்காரியை நிறுத்திவிடலாம்.' அக்கா எதையும் மறைத்து எழுதுபவள் இல்லை. வேறு போக்கிடம் இல்லையென்றால் அந்த அறைதான். அல்மிரா அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு அடுப்பில் போட்டாள். பதில் எழுதவில்லை.

புது ஆள் நியமனமாகும்வரை தபால் பொறுப்பு பார்னபஸ் க்ரீலிடம் போனது. குதிரைச் சேணம் தைத்து விற்பவர். ஜனநாயகக் கட்சிக்கு அந்த ஊரில் அவர்தான் தலை. வேலை தனக்கே நிலைக்கும் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். தபால்களைக் கடை மேசைமேல் வாருக்கும் கடிவாளத்துக்கும் நடுவே பரப்பிப் போட்டு, வந்தவர்களையே தேடி எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மூன்றாவது வாரம் ஒரு மதியம் அவர் டட்டில் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து நின்றார். அல்மிரா துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா இருக்காராம்மா?"

"இருக்கார். பயப்படாதீங்க, துப்பாக்கி உத்தரத்துல இருக்கு. ஒத்தக் கையால எடுக்க முடியாது."

க்ரீல் தொப்பியைக் கழற்றினார். "ஜோசையா பெட்டிட்னு இந்த ஊர்ல எத்தன பேரு?"

"ரெண்டு பேரு. ஒருத்தர் சர்ச் மூப்பர். இன்னொருத்தர் குதிரைப் பந்தயம்."

"நாசமாப் போச்சு. சின்சினாட்டிலேருந்து வந்த லெட்டர மூப்பரோட சம்சாரம் கையில குடுத்துட்டேன். 'என் பட்டுக் குட்டி'ன்னு ஆரம்பிக்குதாம். நேத்துலேருந்து மூப்பருக்கு மாட்டுக் கொட்டாய்லதான் படுக்கை."

அல்மிரா சிரித்துவிட்டாள். மூன்று வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

"நீ எப்படிம்மா பிரிப்ப?"

"பொம்பள எழுத்துன்னா பந்தயக்காரருக்கு. விதைக் கம்பெனின்னா மூப்பருக்கு."

"கடைக்கு வந்துடு," என்றார் க்ரீல். "பேரு என்னோடதா இருக்கட்டும். வேலைய நீ பாரு."

"எங்கப்பாவுக்கு அப்படித்தான் பாத்தேன். அவரு அப்பா. நீங்க யாரு எனக்கு? பேரையும் எனக்கே குடுங்க."

"பொம்பளைங்க போஸ்ட்மாஸ்டரா இருக்கறதில்லன்னு சொல்லல. ஆனா மனு என் கையெழுத்து இல்லாம நகராது. எங்காளுங்க இருபத்து நாலு வருஷமா நாக்கத் தொங்கப் போட்டுட்டுக் காத்திருந்தானுங்க. இப்போ போயி ஒரு குடியரசுக் கட்சிக்காரிக்குக் குடுத்தா, என் தோல உரிச்சு என் கடையிலயே சேணம் தச்சிடுவானுங்க."

"நான் அந்தக் கட்சின்னு யாரு சொன்னா? என்னிக்காவது அவங்களுக்கு நான் ஓட்டுப் போட்டுப் பாத்திருக்கீங்களா?"

"பொம்பளைக்கு ஏதும்மா ஓட்டு?"

"அதத்தான் சொல்றேன். உங்க கட்சிக்கு எதிரா நான் ஒரு தடவகூட ஓட்டுப் போட்டதில்ல. இந்த ஊர்ல எந்த ஆம்பள அப்படிச் சத்தியம் பண்ணுவான்? நீங்க பண்ணுவீங்களா?"

க்ரீல் பின்கழுத்தைத் தேய்த்தார். "அறுபத்து நாலுல, பட்டாளத்துல இருந்தப்போ, ஒரே ஒரு தடவ அந்தக் கட்சிக்கு..."

"தெரியும். அப்பா சொல்லியிருக்கார்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு நிறுத்தினார். கதவருகே டட்டில் நின்றிருந்தார்.

"என் கொல்லையில நின்னு இவன்கிட்டயா பிச்ச கேக்கற?"

அல்மிரா கையைப் பாவாடையில் துடைத்தாள். "இல்லப்பா. அக்கா வீட்டுச் சமையலறைக்குப் பின்னாடி போயி ஆயுசு பூராவும் தட்டு கழுவறதுதான் பிச்ச. உங்க மானத்துக்கு நீங்க எறங்கினீங்க. கூட என்னையும் எறக்கிட்டீங்க. என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?"

டட்டில் திரும்பினார். உள்ளே போய்விட்டார்.

மூன்று வாரத் தபாலே போதும் என்று க்ரீல் ஒத்துக்கொண்டார். மனுவை அல்மிராவே எழுதினாள். 'விண்ணப்பதாரர் இதுவரை ஜனநாயகக் கட்சிக்கு எதிராக ஒருமுறைகூட வாக்களித்ததில்லை' என்பது மூன்றாவது வரி. க்ரீல் அதைச் சலூனிலும் மாவு மில்லிலும் உரக்கப் படித்துக் காட்டினார். கட்சிக்காரர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள், சிரித்த கையோடு கையெழுத்தும் போட்டார்கள். மூப்பர் பெட்டிட் எல்லோரையும் முந்திக்கொண்டு போட்டார். மொத்தம் அறுபத்தொரு பேர். இரண்டு பேர் மறுத்தார்கள். அவர்களுக்கு அந்த வேலைமேல் கண்.

அதன்பிறகு எட்டு வாரம் வாஷிங்டனிலிருந்து ஒன்றும் வரவில்லை. டட்டில் மகளோடு பேசியதெல்லாம் உப்பு, விறகு, வானிலை. மனுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் பன்றி இறைச்சியை அவருக்குத் துண்டு போட்டு வைப்பாள். அதை மட்டும் இருவரும் விடவில்லை.

மே மாதக் கடைசியில் நியமன உத்தரவு வந்தது. 'அல்மிரா டட்டில், போஸ்ட்மாஸ்டர்' என்று இருந்தது. மில்லுக்குப் பக்கத்தில் இருந்த பழைய தபால் அறையை மறுபடி திறந்தாள். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். முதல் நாள் ரயிலில் வந்த மூட்டையைத் தனியாகத் தூக்கி வந்து கொட்டி, முக்கால் மணி நேரத்தில் பிரித்து முடித்தாள்.

ஜன்னலைத் திறந்தபோது வெளியே பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். நடுவில் அப்பா. முகம் மழித்து, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டிருந்தார். அந்த ஜன்னலுக்கு வெளிப்பக்கம் அவர் நின்றதே இல்லை. முன்னால் இருந்தவர்கள் வழிவிட்டார்கள். அவர் நகரவில்லை, வரிசையிலேயே வந்தார்.

"டட்டில் பேருக்கு ஏதாவது இருக்கா?"

"இன்னிக்கு ஒண்ணும் இல்லப்பா."

"வேல நேரத்துல என்ன அப்பா?"

அல்மிரா தொண்டையைச் செருமினாள். "ஒண்ணும் இல்ல, மிஸ்டர் டட்டில்."

"சரிம்மா போஸ்ட்மாஸ்டர். நாளைக்கும் வந்து கேக்கறேன்." அவர் அங்கேயே நின்று உள்ளே அடுக்கியிருந்த கட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தப்பு எதுவும் கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

"நகருய்யா கெழவா," என்று பின்னாலிருந்து க்ரீல் கத்தினார். "வரிசை நிக்குது, தெரியல?"

டட்டில் நகர்ந்தார். ஒரு ஜனநாயகக் கட்சிக்காரன் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.